ஆடிக் காற்றில் ஏழு சைக்கிள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு, இரவெல்லாம் அடித்த புழுக்கம் ஓய்ந்து ஊர் முழுவதும் அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும் வேளையில், வயது வந்த மனிதர்கள் ஏழு பேர் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வீதியில் இறங்குவார்களானால் அவர்களைப் பற்றி வீட்டிலுள்ளோர் என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். என் வீட்டில் அந்த அபிப்பிராயத்தை வாய் விட்டே சொல்லிவிட்டார்கள். "பெட்ரோல் விற்கிற விலைக்கு சைக்கிளில் போவது கூடத் தேவலை, ஆனால் போகிற இடத்தில் ஒரு காரியமும் கிடையாதே!" என்பது என் தர்மபத்தினியின் கட்சி. அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி எங்கள் வீட்டில் கிடையாது. ஆகையால் நான் புளியோதரைப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மௌனமாகப் புறப்படுவது வழக்கம்.

நாங்கள் கூடும் இடம் சூலக்கரை மேடு. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் பாதையில் ஐந்தாறு கிலோ மீட்டரில் இருக்கிறது. பெயர்தான் மேடு, மலையென்று நினைத்து யாரும் கம்பளி கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டாம். கரிசல் சமவெளியில் நிலம் சற்றே முதுகை உயர்த்தினாலும் அதற்கு மேடு என்று கௌரவம் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தொழிற்பேட்டை, தொழிற்பயிற்சி நிலையம், சற்றுத் தள்ளி ஜில்லாவின் பெரிய கச்சேரிகள் என்று இப்போது ஊர் வளர்ந்துவிட்டது. முன்னால் நாற்பத்து நான்காம் நம்பர் தேசீய நெடுஞ்சாலை. வடக்கே முகத்தைத் திருப்பி விடாமல் மிதித்தால் ஸ்ரீநகர். தெற்கே திரும்பினால் கன்னியாகுமரி. தேசம் முழுவதையும் ஒரு ஹேண்டில்பாரின் திருப்பத்தில் வைத்திருக்கும் ஊர் என்று சூலக்கரையைப் பற்றி நான் பெருமை பேசுவதுண்டு. நண்பர்கள் கொட்டாவி விடுவார்கள்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் கிடையாது, காரியதரிசியும் கிடையாது. பாங்கிக் குமாஸ்தா ஒருவர், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், ஜவுளிக்கடைச் சகோதரர்கள் இருவர், நான். இவர்களில் கணக்கர் மட்டும் முந்திய வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அன்றைக்கு அவருக்குப் பதிலாக அவருடைய மருமகன் வந்திருந்தான். இஞ்சினீயரிங் படித்த தம்பி. அவனுடைய சைக்கிளை ஒரே விரலால் தூக்கலாம். அதில் மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மணி கூட இல்லை. விலை மட்டும் இருந்தது. ஏழாவது ஆசாமிதான் முக்கியமானவர். முப்பது வருஷத்துக்கு மேல் கிராமங்களில் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. வயது அறுபத்தெட்டு. அவருடைய கறுப்புச் சைக்கிளுக்கும் ஏறத்தாழ அவ்வளவு அநுபவம் உண்டு.

சாலையோரத்தில் நின்று காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது தம்பி கேட்டான்: "இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்ன சார் இருக்கு?"

அண்ணாச்சி பம்பிலிருந்து தலையை எடுக்காமலே, "ஒரு பெரியவர் இங்கன தனியாக் குடியிருந்தாரு தம்பி. சாயங்காலம் திரும்பி வரும்போது சொல்லுதேன்" என்றார்.

அன்றைய உத்தேசம் செண்பகத்தோப்பு. விருதுநகர், ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மேற்கே போய், மலையடிவாரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. போக அறுபது கிலோ மீட்டர் சுமார், வரவும் அவ்வளவே. தூரம் பெரிதல்ல. ஆனால் மாசம் ஆடி என்பதை யோசித்திருக்க வேண்டும்.

ஆடிக் காற்றைப் பற்றிக் காவேரிக் கரையிலுள்ள வாசகர்கள் வேறு விதமாக நினைப்பார்கள். அவர்களுக்கு ஆடி என்றால் புது வெள்ளம். எங்களுக்கு வெள்ளம் கிடையாது, காற்று மட்டும்தான். தென்மேற்குப் பருவக் காற்று தன்னிடமுள்ள மழையையெல்லாம் மலைக்கு அப்பால் கேரளத்தில் தாராளமாகக் கொட்டிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலைச் சந்துகள் வழியாகவும் இந்தப் பக்கம் வந்து, கொடுக்க ஒன்றுமில்லாத கோபத்தைப் புழுதியாக வாரி இறைக்கிறது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இந்தக் காற்றுதான். காற்றாலைக்கு அது வருமானம். மேற்கு நோக்கிப் போகும் சைக்கிள்காரனுக்கு அது கண்ணுக்குத் தெரியாத மலை.

ஆமத்தூரில் டீ குடிக்கும்போது காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. திருத்தங்கல் குன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலில் வெயில் பட்டபோது, விஞ்ஞான ஆசிரியர் உற்சாகம் மேலிட்டுச் சைக்கிள் சரித்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார். 1897-ஆம் வருஷம் இத்தாலியில் சிலர் ரோமாபுரியிலிருந்து நேபிள்ஸ் நகருக்குச் சுமார் 230 கிலோ மீட்டர் தூரத்தைச் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் ஓட்டிப் போனார்களாம். 'ஆடாக்ஸ்' என்ற லத்தீன் பெயர் அதிலிருந்து வந்தது. தைரியசாலி என்று பொருள். 1904-இல் பிரான்ஸ் தேசத்திலும் அது பரவிற்று. இன்று இந்தியா முழுவதும், சென்னையிலும் மதுரையிலும் கூட, 200 கிலோ மீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஓட்டுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு மூலம் அதுதான். "ஆனால் ஒன்று கவனியுங்கள், ஆதியில் அதில் தனித்தனியாக ஓட்டம் கிடையாது. குழுத் தலைவர் ஒரே வேகத்தில் முன்னால் போவார்; எல்லாரும் அவரோடு சேர்ந்து போய்ச் சேர வேண்டும். அவரவர் இஷ்டப்படி ஓட்டுவது 1921-க்குப் பிறகு வந்தது" என்றார் ஆசிரியர்.

நம்மவர்களும் சளைத்தவர்களல்ல என்று நான் பம்பாய்ப் பார்ஸி வாலிபர்களைப் பற்றிச் சொன்னேன். 1923 அக்டோபரில் ஆறு பேர் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். பாலைவனங்களையும் காடுகளையும் கடந்து 1928-இல் பம்பாய்க்குத் திரும்பியவர்கள் ஹக்கீம், பாபாசோலா, பூம்காரா என்ற மூவர். "மிச்சம் மூணு பேர்?" என்று அண்ணாச்சி கேட்டார். வழியில் பிரிந்துவிட்டார்கள் என்றேன். அண்ணாச்சி, "ஓகோ" என்று மட்டும் சொன்னார்.

சிவகாசியில் இட்டிலி. அந்த ஊரைப் பற்றி இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923-ஆம் வருஷத்தையொட்டி ஊர் திரும்பிய கதை தெரியாதவர்கள் நம்மில் யார்? மழையில்லாத குறையே மூலதனமாகி, தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் அங்கே வேரூன்றின. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆலை வேன்கள் ஓடவில்லை. ஊர் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. எதிர்க்காற்றின் கொடுமை அதன் பலத்தில் மட்டும் இல்லை. அதன் சப்தத்தில் இருக்கிறது. இரண்டு காதுகளிலும் ஓயாத இரைச்சல். பக்கத்தில் வருகிறவர் பேசுவது கேட்காது. ஒவ்வொருவனும் தலையைக் குனிந்து, முன் சக்கரத்தைப் பார்த்து, தனித் தவசியைப் போல் மிதித்துக்கொண்டிருப்பான். தம்பி முதலில் போனான். அவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று சற்றுக் குறைவாகத் தெரியும் என்பதால் நாங்கள் ஐந்து பேரும் வால் மாதிரி தொங்கினோம். மல்லியில் ஒரு கடையோரம் இறங்கி, முகத்துப் புழுதியைத் துடைத்துத் தலைகளை எண்ணியபோது ஆறுதான் இருந்தன.

அண்ணாச்சியைக் காணோம்.

டெலிபோன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. பத்து நிமிஷம் நின்றோம். பிறகு ஒரு சிறிய பார்லிமெண்டு கூடிற்று. அதில் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பெருமை தருவதாக இல்லை. ஆனாலும் எழுதத் தொடங்கியபின் மறைக்கலாகாது. "அண்ணாச்சிக்கு இந்த ரோடெல்லாம் அத்துப்படி, மெள்ள வந்து சேருவார், நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்க் காத்திருப்போம்" என்று முதலில் சொன்னவன் நான்தான். இவ்வளவு தூரம் காற்றோடு மல்லுக்கட்டிச் சம்பாதித்த கிலோ மீட்டர்களைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆண்டாள் கோயில் கோபுரம் பதினோரு நிலைகளோடு மேற்கே தெரிய, அதற்குப் பின்னால் மலை நீலமாக அழைத்துக்கொண்டிருந்தது. பாங்கிக்காரர் என்னை ஆமோதித்தார். தம்பியோ தன் டெலிபோன் திரையில் சராசரி வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் போனால் அந்த எண் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் பார்ப்பதாகவே நான் நினைத்தேன். ஆனால் அவன் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பிக் கிழக்கு நோக்கி ஏறிவிட்டான். பிறகு எங்களுக்கு வேறு வழியில்லை.

பின்காற்றில் போகும்போதுதான் தெரிந்தது. காது இரண்டும் அடங்கிப்போய், ஒரு மைனா கத்துவது கூடத் தெளிவாகக் கேட்டது. அரை மணியில் கடந்ததைப் பத்து நிமிஷத்தில் கடந்தோம். சாலையோரத்து வேப்ப மரத்தடியில் அண்ணாச்சியின் கறுப்புச் சைக்கிள் தலைகீழாக நின்றது. முன் டியூபில் சீமைக் கருவேல முள். கரி மூட்டம் போடுவதற்காக வெட்டி ஏற்றிப் போகிற விறகிலிருந்து சிதறும் அந்த முள் எங்கள் ஜில்லாச் சாலைகளின் சாபக்கேடு. நீளம் அதிகம், வைரம் அதைவிட அதிகம்.

"மணி அடிச்சேன், கூப்பாடு போட்டேன். காத்து அதைச் சிவகாசிப் பக்கம் கொண்டு போயிட்டுது" என்று அண்ணாச்சி சிரித்தார். டெலிபோன் கேரியர்ப் பையின் அடியில் புளியோதரைக்குக் கீழே கிடந்ததாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் அயலார், ஐம்பது வயதிருக்கும். இரண்டு முன்கைகளிலும் தோல் சுருங்கிப் பளபளத்தது. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தவராம். ஒரு நாள் அறை பற்றிக்கொண்டது. அவர் வாசலருகே இருந்ததால் பிழைத்தார். இப்போது மருந்துப் பக்கம் போவதில்லை; வீட்டில் மனைவியோடு தீப்பெட்டி ஒட்டுகிறார். எந்த ஆலை என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் மாண்டதை வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். ஓரிருவர் மட்டும் போகும் விபத்துகள் இரண்டு வரியில் அச்சாகி மறுநாள் மறந்துபோகின்றன.

அவர் எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம்பியுடையதைத் தூக்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பிறகு கேட்டார்: "இருபத்தஞ்சு வருசம் நானும் ஆலைக்குச் சைக்கிள்லதான் போனேன். வேலைக்குப் போகணுமேன்னு மிதிச்சேன். நீங்க வேலையே இல்லாத அன்னைக்கு மிதிக்கீங்களே, அது எதுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். ஏழு பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. கடைசியில் அண்ணாச்சி, "நானும் முப்பது வருசம் வேலைக்கு மிதிச்சவன்தான். கையில கடுதாசி இல்லாம அதே ரோட்டுல போனா எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னு தோணிச்சு" என்றார். அந்த மனிதருக்கு அது நன்றாகப் புரிந்தது. "வாஸ்தவம்" என்றார். கூலியாக எதையும் வாங்க மறுத்துவிட்டார். புளியோதரையில் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டார். அது என்னுடையது என்பதை அன்று நான் செய்த ஒரே உபகாரமாகக் குறித்து வைக்கிறேன்.

மறுபடியும் மேற்கே. இந்தத் தடவை அண்ணாச்சியை முன்னால் விட்டோம். அவருடைய வேகம்தான் எங்கள் வேகம். ஆதி காலத்து இத்தாலியர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். கறுப்புச் சைக்கிளுக்குப் பின்னால் மெள்ளப் போனபோது, காலையில் நான் பார்க்காமலே கடந்தவையெல்லாம் தெரிந்தன: வீட்டுத் திண்ணையில் சரவெடி பின்னும் பெண்களின் விரல் வேகம், முற்றத்தில் காயும் மிளகாய் வற்றல், மழையை எதிர்பார்த்து உழுது போட்டிருந்த கரிசல் நிலம்.

செண்பகத்தோப்பை அடையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்தால் மலை சட்டென்று எதிரில் நிற்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். காட்டிலாகாவின் எல்லைக்கு இப்புறமே மர நிழலில் இலை விரித்தோம். ஆறு பொட்டலம், ஏழு பேர். போதும் போதும் என்றாகிவிட்டது. மலை அணில்களில் ஒன்று மரக்கிளைகள் சேரும் இடத்தில் தோன்றிற்று. பூனைப் பருமன், உடம்புக்குச் சமமான வால். ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குத் தாவி மறைந்துவிட்டது. தம்பி படமெடுக்க டெலிபோனைத் தூக்குவதற்குள் காணோம். "சராசரி வேகம் எவ்வளவு இருக்கும்?" என்று பாங்கிக்காரர் கேட்டார். தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது காற்று எங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டது. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கும் அந்த வஸ்துவைப் பற்றி வைத்தியர்கள் சொல்வது எல்லாம் எனக்குத் தெரியும். நூற்றிருபது கிலோ மீட்டர் மிதித்த நாளில் அவற்றை நினைவில் வைப்பதில்லை.

சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் தேசபந்து மைதானத்தில் அண்ணாச்சி இறங்கினார். சித்தரஞ்சன் தாஸின் பட்டப் பெயரைத் தாங்கிய இடம் அது. காலையில் வைத்திருந்த பாக்கியை அங்கே நின்று தீர்த்தார். சூலக்கரை மேட்டில் தனியாக ஆசிரமம் அமைத்துக் கதர் உடுத்தி வாழ்ந்த சங்கரலிங்கனார், 1956 ஜூலை 27-ஆம் தேதி, பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. இந்த மைதானத்தில்தான் கிடந்தார். எழுபத்தைந்து நாட்களுக்கு மேல் பட்டினி. அக்டோபர் 13-ஆம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்று. 1967-இல் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றி, 1969 ஜனவரி 14-ஆம் தேதி பெயர் அமலுக்கு வந்தது.

"ஜூலை இருபத்தேழுன்னா, ஆடி மாசம்" என்றான் தம்பி.

"ஆமா. இதே காத்துத்தான் அடிச்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி. "எல்லாம் நான் பிறக்கிறதுக்கு முந்தி. எங்க ஐயா சொல்லிக் கேட்டது. நான் தபால்ல சேர்ந்த புதுசுலகூட, பழக்க தோஷத்துல 'மெட்ராஸ் ஸ்டேட்'னு எழுதி வர்ற கடுதாசி ஒண்ணு ரெண்டு இருக்கும். அதைப் பாக்கும்போதெல்லாம் அவர் நெனப்பு வரும். கடுதாசி மட்டும் சரியாப் போய்ச் சேர்ந்துரும்."

சூலக்கரையை அடையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். காற்று அடங்கவில்லை, நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வில்லாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தன. தம்பி மேட்டில் கொஞ்ச நேரம் நின்று இருட்டைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

வரும் ஞாயிறு இருக்கன்குடிக்குப் போவதாக ஏற்பாடு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம். பாதை தெற்கும் கிழக்குமாகப் போவதால் போகும்போது காற்று தொந்தரவு செய்யாது, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். தம்பி தன் மாமாவுக்குக் காய்ச்சல் விட்டாலும் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உபரி டியூபும் பம்பும் வாங்கிவிட்டானாம். ஆனால் அவன் சைக்கிளில் அவற்றைக் கட்ட இடமில்லை. அண்ணாச்சியின் கேரியரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான்.