ஏலகிரி அடிவாரத்திலிருந்து திருவல்லிக்கேணி வரை

ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடந்து பொன்னேரியில் இறங்கி வாணியம்பாடி வந்துவிட்டால் பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலை. வார இறுதிக்கு மலையேறி வந்தவர்கள் ஏரியையும் பனியையும் படமெடுத்துக்கொண்டு இந்தச் சாலையில் நிற்காமல் போய்விடுகிறார்கள். பழைய பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் தேடித்தேடிப் படமெடுக்கும் நண்பர்கள்கூட அதற்கென்று பீஜப்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறார்களே தவிர, இங்கே வண்டியை ஓரங்கட்டுவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. கர்நாடக நவாபுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் பெரும்பாலும் இந்தச் சாலையோரம்தான் நடந்தன. அடிவாரத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஏறக்குறைய 230 கிலோமீட்டர். ஒரு கேமராவோ நல்ல கைபேசியோ இருந்தால் போதும்.

இந்தப் புறக்கணிப்பு இன்று நேற்று வந்ததல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களைச் சுமந்துகொண்டு 1857–58-இல் தமிழகத்தைச் சுற்றினார். 1858-இல் வெளியான அவருடைய தொகுதிகளின் தலைப்புகளில் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி எல்லாம் உண்டு. அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையும் உண்டு. வேலூரும் ஆற்காடும் இல்லை.

வாணியம்பாடி தோல் ஊர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்தே இங்குள்ள வியாபாரிகள் சம்பாதித்ததில் ஒரு பங்கு பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கல்விக்கும் போயிருக்கிறது. 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி அப்படி வந்ததுதான். ஆற்காட்டில் நவாபு செய்ததை இங்கே தோல் மண்டிக்காரர்கள் செய்தார்கள் என்று சொல்லலாம். அதனால்தான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்துப் பள்ளிவாசல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தொழுகைக்கு வரும் கூட்டம் பெருகும்போது மாடி எடுக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். படமெடுப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதை நான் ஏற்கமாட்டேன். பள்ளிவாசல் அருங்காட்சியகம் அல்ல. ஐந்து வேளையும் ஆள் வரும் இடம், அவர்கள் வசதிக்குத்தான் மாறும். ஆனால் மாறுவதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நல்ல படமாவது இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டு எடுப்பது முதல் பாடம். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியோ, பாங்கு சொல்லும் மோதினாரோ இருப்பார். “பாய், உள்ளே கட்டடத்தை மட்டும் படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. “தொழறவங்களை எடுக்காதீங்க, மத்தபடி எடுத்துக்குங்க” என்பார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்கும் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம் உள்ளே அமைதியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகவே கூடாது. வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் கிப்லா என்ற தொழுகைத் திசை மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக. ஆகவே பள்ளிவாசலின் முகப்பு கிழக்கே பார்த்திருக்கும். காலை ஏழு, எட்டு மணி வெயில் முகப்பு முழுவதும் விழும், வளைவுகளின் விளிம்பிலுள்ள சுதை வேலை துல்லியமாகத் தெரியும். அதே வெயில் வாசல் வழியே உள்ளே நீண்டு மேற்குச் சுவரிலுள்ள மிஹ்ராப் மாடத்தின் பக்கம் போகும். மாலையில் போனால் முகப்பு நிழலில் இருக்கும், பின்னால் வானம் மட்டும் பளிச்சென்று இருக்கும். வெள்ளைச் சுவரைக் கேமரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். மினாராவை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாயும். எதிர் வீட்டு மொட்டை மாடிக்குப் போக அனுமதி கேட்பதுதான் அதற்கு நல்ல வழி.

ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்காதவர் இல்லை. இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கிவரும் இந்த இடத்தில்தான் 1749 ஆகஸ்ட் 3-ஆம் தேதி நவாபு அன்வருத்தீன் கான், ஹைதராபாத் நிஜாம் பதவியைக் கோரிய முசாஃபர் ஜங், நவாபுப் பதவியைக் கோரிய சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர் ஆகியோரின் கூட்டுப்படையை எதிர்கொண்டார். முதிய வயதில் யானை மீதிருந்து போரிட்டு மாண்டார். மகன் முகம்மது அலி திருச்சிக்குத் தப்பினார். மலையையும் கணவாயையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தின் கடைசியில் பார்க்கப்போகிற கட்டடங்கள் அந்த மகன் குடும்பத்துடையவை.

வேலூர்க் கோட்டை விஜயநகரக் காலத்தது, அகழியோடு அப்படியே நிற்கிறது. ஜலகண்டேசுவரர் கோயில், தொழுகை நடக்காத பள்ளிவாசல், 1846-இன் புனித ஜான் தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். கோட்டைக்கு வெளியே திப்புவின் குடும்பத்தார் அடக்கமாகியிருக்கும் கல்லறைகளுக்கு வருகிறவர்கள் குறைவு. 1799-இல் சீரங்கப்பட்டினம் விழுந்தபின் அந்தக் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள்; 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் இங்கேதான் வெடித்தது. ஹைதரின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அரண்மனையையும் நாட்டையும் இழந்தவர்களுக்குக் கட்டிய மண்டபங்கள் இவை. சீரங்கப்பட்டினத்துக் கும்பஸ் கல்லறையை எடுத்தவர்கள் இதையும் எடுத்தால்தான் கதை முழுமையாகும்.

மேல்விஷாரத்தைத் தாண்டினால் ஆற்காடு. ஒரு காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதிக்குத் தலைநகரம். செஞ்சியிலிருந்த தலைநகரம் இங்கே மாறியது. 1710 முதல் 1732 வரை ஆண்ட சாதத்துல்லா கான் ஊரை வளர்த்தார். திப்பு அவுலியா தர்காவை 1729-இல் கட்டியவர் அவர்தான். ஹைதர் அலி தன் மகனுக்கு இந்த அவுலியாவின் பெயரைத்தான் வைத்தார். மன்னரின் பெயரை உலகமே அறியும். அந்தப் பெயருக்கு உரிய பெரியவர் ஆற்காட்டில் இருப்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

ஆற்காட்டுக் கோட்டையில் பெரிதாக மிஞ்சியது பாலாற்றங்கரை டில்லி வாசல்தான். 1751-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. வாசல் மேலுள்ள அறையைக் கிளைவின் பெயரால்தான் இன்றும் சொல்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான கட்டடம். தூரத்திலிருந்து பார்த்தால் சிறியதாக, தனியாகத் தெரியும். பக்கத்தில் போய் வளைவுக்குக் கீழே நின்று எடுங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் அடுக்கு தெரியும். நம் கொத்தனார் கைதான் அது. கல்லிலே பழகிய நாட்டில் டில்லிப் பாணி வளைவைச் செங்கல்லால் தூக்கி, சுண்ணாம்பால் மூடி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். பீஜப்பூரின் பிரம்மாண்டத்தை இதில் தேடக்கூடாது. அளவில் அடங்கிய, கையால் தடவிப் பார்க்கக்கூடிய நேர்த்தி இதனுடையது.

பாலத்தைக் கடந்தால் ராணிப்பேட்டை, அடுத்து நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாப்பேட்டை. 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னாட்டின் முதல் ரயில் வந்து நின்றது இங்குள்ள வாலாஜா ரோடு நிலையத்தில்தான். அதன்பின் பூந்தமல்லி வரை நமக்கு அவசர வேலையில்லை.

சென்னையில் முகம்மது அலி வாலாஜா 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையைக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் அரசுக் கட்டடங்கள் மறைக்கின்றன. 2012 ஜனவரியில் அதன் கலச மகால் தீயில் எரிந்தது. புதுப்பித்தபின் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே இயங்குகிறது. தீக்கு முன் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இப்போது தனி மதிப்பு.

திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் 1795-இல் எழுந்தது. மரமும் இரும்பும் சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டியது. கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீக வரிகளை இயற்றியவர் நவாபின் செயலராக இருந்த ராஜா மக்கன் லால் கிராத் என்ற இந்து. கல்லெழுத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சம் வரும்வரை காத்திருந்தால் எழுத்து எழும்பி நிற்கும். ரமலானில் மாலை வேளையில் போனால் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துக்கள் நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறுவதைப் பார்க்கலாம். அனுமதி கேட்டு, முகங்களுக்கு மரியாதை தந்து அதையும் எடுங்கள். ஆள் இல்லாத வளைவுகள் மட்டுமே கட்டடக்கலை ஆகாது.

இந்தச் சாலையில் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்த படத்தின் பின்னால் ஊர், தெரு, தேதி எழுதுங்கள். ஒரு பிரதி போட்டு அந்த ஜமாஅத்திடமோ தர்காவிடமோ கொடுங்கள். உங்கள் ஊரில் ஒரு பழைய பள்ளிவாசலுக்குப் புதுப்பிப்பு வேலை வரப்போகிறது என்று தெரிந்தால், சாரம் கட்டுவதற்கு முந்தைய வாரமே போய் எடுத்துவிடுங்கள்.