சொன்னவர் பெயருக்கு ஒரு கட்டம்

“மேம், எங்க அப்பத்தா பேரு எங்க போச்சு?”

சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்து மதுரை கொஞ்சம் மூச்சுவிட்ட ஒரு மே மாதப் பிற்பகல். துறை அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த என்னிடம் முதுகலை மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வருகிறவள். விடுமுறையிலும் எனக்கு உதவ வந்திருந்தாள். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அவளுடைய அப்பத்தா பாடிய தாலாட்டு திரையில் இருந்தது. ஒலிக்கோப்பு இருந்தது. கேட்டு எழுதிய வடிவம் இருந்தது. பதிவுசெய்த தேதி இருந்தது. ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. பாடியவரின் பெயர் மட்டும் எங்குமே இல்லை.

அதை எடுத்துவிட்டது மென்பொருள் அல்ல. நான்தான்.

எங்கள் துறையில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு வேலை நடக்கிறது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் பெண்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் மாணவிகள் பதிவு செய்கிறார்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் நான்கைந்து பேருடைய உழைப்பு இருக்கும். ஒருத்தி பதிவு செய்வாள், ஒருத்தி கேட்டு எழுதுவாள், இன்னொருத்தி ஒப்பிட்டுத் திருத்துவாள். புரியாத வட்டாரச் சொல்லுக்குப் பொருள் கேட்க யாராவது மறுபடியும் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். எந்தப் பாட்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை முதலில் நோட்டில் குறித்தோம். பிறகு எக்செல். அதற்குப் பிறகு இலவசமாகக் கிடைத்த ஒரு திட்ட மேலாண்மைப் பலகை. பாட்டுக்கு ஓர் அட்டை. வேலை முடிய முடிய அட்டை ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நகரும்.

கடந்த ஆண்டு நிர்வாகம் கல்லூரி முழுவதற்கும் ஒரே தளம் என்று புதிதாக ஒன்றை வாங்கியது. நாக் தரமதிப்பீட்டுக்கு ஆண்டறிக்கை எழுத எல்லாத் துறைகளின் வேலையும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமாம். ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்குள் டேட்டா மைக்ரேஷன் முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. “நீங்கதான் மேடம் பொறுமையா செய்வீங்க” என்று என்னிடம் கொடுத்தார்கள். பொறுமை என்ற பாராட்டுக்குள் எவ்வளவு வேலையைச் சுருட்டி வைக்கலாம் என்பது பெண்களுக்குத் தெரியும். வீடு மாற்றும்போதும் அப்படித்தான். லாரி பிடித்தவர் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கும். எந்தப் பெட்டியில் எது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியவளை யாரும் கேட்பதில்லை.

திட்டத்தை எழுதத் தொடங்கினேன். முதல் வேலை கணக்கெடுப்பு. எத்தனை அட்டை, எத்தனை ஒலிக்கோப்பு, எத்தனை கருத்துகள் என்று எண்ணிக் குறித்தேன். அறுநூற்றுச் சொச்சம் அட்டைகள். அடுத்தது பொருத்தப் பட்டியல். தாளின் இடப்பக்கம் பழைய பலகையில் இருக்கும் கட்டங்கள், வலப்பக்கம் புதிய தளத்தில் அவை போய் உட்காரும் கட்டங்கள். இந்த ஒரு தாளில்தான் எல்லாம் முடிவாகிறது. வலப்பக்கத்தில் இடம் இல்லாதது எதுவோ அது அடுத்த ஆண்டு நடந்ததாகவே இருக்காது.

பழைய பலகையில் ஓர் அட்டைக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். புதிய தளத்தில் ஒரு வேலைக்கு ஒரே பொறுப்பாளர். நான்கு பேரில் யாரைப் போடுவது? தற்காலிகமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் என் பெயரைப் போட்டேன். படித்து முடித்துத் திருமணமாகிப் போன மாணவிகளின் கணக்குகள் செயலிழந்திருந்தன. அவர்கள் எல்லோரும் புதிய தளத்தில் ‘முன்னாள் பயனர்’ என்ற ஒரே பெயரில் வந்து நின்றார்கள். பாடிய பெண்களின் நிலை இதையும்விட மோசம். தளத்தில் ஒருவர் ஆளாகப் பதிவாக வேண்டுமென்றால் மின்னஞ்சல் முகவரி வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணமும் உண்டு. எழுபது வயதில் களை எடுத்துக்கொண்டே பாடியவரிடம் மின்னஞ்சல் ஏது? பழைய பலகையிலும் அவர்களுக்கென்று தனிக் கட்டம் வைத்திருக்கவில்லை. மாணவிகள்தாம் கருத்துப் பகுதியில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கருத்துகள் புதிய தளத்துக்குப் போகாது. இறக்கிய கோப்பிலும் கடைசி ஆயிரம் செயல்கள் மட்டுமே இருந்தன. பட்டியலில் ‘கருத்துகள்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘தேவையில்லை’ என்று பென்சிலால் எழுதினேன். இருபது அட்டைகளை மட்டும் சோதனையாக மாற்றிப் பார்த்தேன். அந்த இருபதில் ஒன்றுதான் அப்பத்தாவின் தாலாட்டு.

இருபது ஆண்டுகளாகப் பெண்ணெழுத்தைப் பற்றிப் பேசுகிறவள் நான். பெண்களின் உழைப்பு வரலாற்றில் எப்படி மறைகிறது என்று கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். அப்படி மறைவதற்கு யாரும் பெரிய சதி செய்ய வேண்டியதில்லை, ஒரு மே மாதப் புழுக்கமும் ஒரு பென்சிலும் போதும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு குறுந்தொகையை எடுத்து வைத்துக்கொண்டேன். பாட்டுக்காக அல்ல, தொகுத்த முறைக்காக. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களும் செய்தது ஓர் இடமாற்றம்தான். சிதறிக் கிடந்த பாடல்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். நான்கு முதல் எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணைக்கு, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூற்றுக்கு. பாட்டோடு திணை, கூற்று, பாடியவர் பெயர் ஆகியவற்றுக்கு இடம் வைத்தார்கள். பாடியவர் பெயர் கிடைக்காத சில பாடல்களில் அந்த இடத்தை வெறுமனே விடவில்லை. பாட்டில் வரும் ஓர் உவமையையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். காக்கையைப் பாடிய நச்செள்ளையாருக்கு அவர் செய்த வேலை பெயருக்கு முன்னால் பட்டமாக நிற்கிறது. பெயருக்கு ஒரு கட்டம் உண்டு என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருந்ததால்தான் வெள்ளிவீதியாரையும் ஔவையாரையும் இன்று நான் வகுப்பில் பெயர் சொல்லி நடத்த முடிகிறது.

உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அந்த நூலில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. ஆனால் 269-ஆம் பாட்டை 267 என்று யாரும் மாற்றவில்லை. இரண்டு எண்கள் இன்றும் வெறுமையாக நிற்கின்றன. இங்கே ஏதோ இருந்தது, தொலைந்துவிட்டது என்று அந்த வெறுமை சொல்கிறது. புதிய தளமோ இறக்குமதி செய்யும்போது ஒன்றிலிருந்து புதிதாக எண் போட்டுக்கொண்டு போகும். பழைய அட்டை எண்ணைத் தனிக் கட்டத்தில் கொண்டுபோக வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தேன்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் ‘மதுரைத் திட்டம்’ 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்த நூல்கள் பின்னால் ஒருங்குறிக்கு மாறின. அந்தக் கோப்புகளைத் திறந்தால் நூலாசிரியர் பெயரோடு, தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முன்பக்கத்தில் இருக்கும். குறியீடு மாறியபோது பெயர்களும் கூடவே வந்தன. ஆசிரியரல்லாத ஒருவரின் உழைப்பும் நூலோடு பயணம் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர் என்னும்போது அது யாருடைய பெயராக இருக்கும் என்ற கேள்வி நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களுக்கு விண்ணப்பித்து, காப்பாளர் என்று தானே கையெழுத்திட்டார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தந்தை இல்லாத நிலையில் தாயும் இயற்கைக் காப்பாளர்தான், தந்தை உயிரோடு இருந்தும் பொறுப்பெடுக்காத நிலையும் அதில் அடங்கும் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள்.

எனக்கும் ஒரு கட்டத்தில் சிக்கல் இருந்தது. பழைய பலகையில் நான் இரண்டு பேராக இருந்தேன். தொடக்கத்தில் அப்பாவின் முன்னெழுத்தோடு ஒரு கணக்கு, பிறகு கணவரின் முன்னெழுத்தோடு இன்னொன்று. இரண்டையும் இணைக்க வேண்டும், எது முதன்மைக் கணக்கு என்று புதிய தளம் கேட்டது. முன்னெழுத்தே இல்லாமல் என் பெயரை மட்டும் தட்டினேன். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று சிவப்பில் வந்தது. ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

அடுத்த நாள் மாணவிகள் ஐந்து பேரோடு உட்கார்ந்து திட்டத்தை முதலிலிருந்து எழுதினோம். பாடியவர், ஊர், பதிவுசெய்தவர், கேட்டு எழுதியவர், திருத்தியவர் என்று ஐந்து எழுத்துக் கட்டங்களைப் புதிதாக உருவாக்கினோம். மின்னஞ்சலோ கட்டணமோ கேட்காத வெறும் எழுத்துக் கட்டங்கள். இறக்கிய கோப்பில் வராத கருத்துகளை அட்டை அட்டையாகத் திறந்து கையால் எடுத்தோம். பழைய வேர்டு கோப்புகள் சில பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய தளத்தில் ஏற்றினால் ‘அம்மா’ என்பதுகூட ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வரிக்கு வரி ஒலியோடு ஒப்பிட்டோம். ஒருங்குறிக் கோப்பையும் எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதையலாம், யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறக்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். மறுபடியும் இருபது அட்டைகள், பிறகு நூறு, பிறகு முழுவதும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் எண்ணினோம். பழைய பலகையை அழிக்காமல், படிக்க மட்டும் முடிகிறபடி ஓராண்டு வைத்திருப்பது என்றும் திட்டத்தில் எழுதினேன். கடைசி இரண்டு வாரங்கள் இரவு ஒன்பது மணிக்கு முன் நான் வீட்டுக்குப் போகவில்லை.

அப்பத்தாவின் அட்டையைத் திறந்தபோது எங்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கருத்துப் பகுதியில் அவர் பெயரே இல்லை. இன்னாருடைய பெண்டாட்டி என்று தாத்தாவின் பெயர்தான் இருந்தது. முன்பு போய்ப் பதிவு செய்த மாணவியிடம் அவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பேத்தி அங்கேயே கைப்பேசியில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் அப்பத்தாவின் சிரிப்பு கேட்டது.

“ஏம் பேரு எதுக்குத்தா? பாட்டுதான ஒங்களுக்கு வேணும்?”

“ரெண்டும் வேணும் அப்பத்தா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பெயரைச் சொன்னார். தன் அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பாட்டு அவரிடமிருந்து வந்ததாம்.

எல்லோரும் பெயர் சொல்லவில்லை. கணவன் இறந்தபோது பாடிய ஒப்பாரியைக் கொடுத்த ஒருவர், பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம் என்றார். அவருக்காக இன்னொரு கட்டத்தைச் சேர்த்தோம்: ‘பெயர் வெளியிட விருப்பமில்லை.’ அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. அது தெரிந்தே காக்கும் மௌனம். யாரும் கேட்காததால் வெறுமையாகக் கிடக்கும் கட்டம் வேறு. இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியக் கூடாது.

அப்பத்தாவின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை. எங்கள் பதிவில் வைத்துக்கொள்ளத்தான் அவர் சம்மதித்தார். புத்தகத்தில் போடலாமா என்று கேட்க அடுத்த மாதம் மேலூருக்குப் போகிறேன்.