மூச்சும் அச்சமும்

நலமுடையோர் தம் மூச்சினை எண்ணிப் பார்ப்பதில்லை. நெடுங்காலம் நுரையீரல் நோயால் வருந்துவோரோ கிணற்றடிக்கும் வீட்டு வாசலுக்கும் இடைப்பட்ட தூரத்தைக்கூட மூச்சினாலேயே அளந்து வாழ்கின்றனர். இத்தகையோருக்குக் கொரோனாப் பெருந்தொற்று விளைத்த இன்னல் உடலை மட்டும் சார்ந்ததன்று. உள்ளத்தையும் அது உலுக்கிற்று.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், மதுரங்குளியை அண்டியுள்ள முஸ்லிம் கிராமமாகிய கனமூலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விறகும் பொச்சு மட்டையும் எரியும் அடுப்புப் புகை, கடற்காற்று வாரி வரும் புழுதி என்பவற்றிடையே வாழும் இத்தகைய கரையோர ஊர்களுக்குத் தொய்வு வருத்தம் புதியதன்று. மாதந்தோறும் கிளினிக்கிற்குச் சென்று மருந்து பெற்றுத் திரும்புவதே நோயாளரின் வாழ்க்கை ஒழுங்காக இருந்தது. 2020 மார்ச் 18 ஆம் திகதி புத்தளம், சிலாபம் பகுதிகளில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இரு நாட்களில் அது நாடெங்கும் விரிந்தது. அவ்வொழுங்கு குலைந்தது. பின்னர்த் தபால் ஊழியர் மருந்துப் பொதிகளை வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். ஆயினும், மருத்துவர் முகம் பார்த்துக் கூறும் ஒரு வார்த்தையைத் தபாலில் அனுப்புதல் இயலாது.

அந்நாட்களில் இருமல் ஓர் ஐயத்திற்குரிய ஒலியாயிற்று. இருபது ஆண்டுகளாக இருமி வரும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்த்தல் தகும். முன்னர் அவர் இருமினால், “வாப்பா, சுடுதண்ணீர் தரட்டா?” என்று மகள் கேட்பாள். இப்போது அயல்வீட்டுச் சாளரம் மூடப்படுகின்றது. பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை இல்லை. திண்ணைப் பேச்சும் இல்லை. இருமலை விழுங்கப் பழகுகின்றார். விழுங்கிய இருமல் நெஞ்சில் அச்சமாகத் தங்குகின்றது.

அச்சத்திற்கும் மூச்சிற்கும் உள்ள தொடர்பு மருத்துவம் அறிந்த உண்மையாகும். அஞ்சியவன் விரைந்து மூச்செடுக்கின்றான். சுருங்கிய மூச்சுக்குழாய்களின் வழியே காற்று முற்றாக வெளியேறுமுன்னரே அடுத்த மூச்சு உட்புகுகின்றது. நெஞ்சு நிறைந்து இறுக, மூச்சுத்திணறல் மிகுகின்றது. திணறல் மிக அச்சமும் மிகுகின்றது. இச்சுழலில் அகப்பட்டவன் தொய்வு எது, தொற்று எது எனப் பிரித்தறிய மாட்டாது தவிக்கின்றான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் அச்சம் இருந்தது. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவினால் இறந்தோரை மட்டுமன்றி, அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோரையும் எரியூட்ட வேண்டுமெனக் கட்டளையிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்களோ அடக்கம், எரியூட்டல் இரண்டையுமே அனுமதித்திருந்தன. மூச்சுத்திணறி இறப்பவரே முதலிற் சந்தேகிக்கப்படுவார் என்பது வெளிப்படை. ஆதலின், முஸ்லிம் நுரையீரல் நோயாளர் ஆஸ்பத்திரி வாசலை நோக்கவே நடுங்கினர். மரணத்தை இறைவனின் ஏற்பாடென்று ஏற்கப் பழகிய உள்ளம், ஜனாஸாத் தொழுகையும் மண்ணும் மறுக்கப்படும் என்பதை ஏற்க இயலாது துடித்தது. உயிர்காக்கும் இடத்தையே ஒருவன் அஞ்சி ஒதுங்குமாறு செய்யும் சட்டம் சுகாதாரத்தின் நோக்கத்தையே முறியடித்துவிடுகின்றது.

2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி நீக்கப்பட்டது. மார்ச் 5 ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நிகழ்ந்தன. மேற்குக் கரையில் இறந்தவரைத் தீவின் கிழக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்த போதிலும், மண் கிடைத்ததென்ற ஆறுதல் எஞ்சிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரியூட்டலுக்காக மன்னிப்புக் கோரியது.

மன்னிப்பு வரவேற்கத்தக்கதே. எனினும், அச்சத்தோடு கழிந்த இரவுகள் மீள்வதில்லை. தொற்று மீண்டும் ஒருநாள் வரலாம். அன்று நுரையீரல் நோயாளருக்கு மருந்தோடு, தம் வாழ்வும் இறப்பும் மதிக்கப்படும் என்ற நம்பிக்கையும் வழங்கப்படுதல் வேண்டும். நம்பிக்கை இழந்த நெஞ்சில் மூச்சும் நிலைகொள்வதில்லை.