சொசைட்டியின் மூலவர் ஒரு மேயர்

பிரிட்டனில் பல நகரசபைகள் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குத் துணை நிற்கின்றன. உட்கார ஓர் அறை, தொடக்கச் செலவுக்கு மானியம், ஊழியர் சம்பளத்திலேயே சேமிப்பைப் பிடித்துக் கட்டும் வசதி என்று உதவி பல விதம். லீட்ஸில் 1987இல் நகரசபை ஊழியர்களுக்கென்று தொடங்கிய சங்கம் பிறகு ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டது. தெருவிளக்கும் குப்பையும் பார்க்கவேண்டியவர்களுக்குக் கடன் விவகாரத்தில் என்ன வேலை, இதை யார் ஆரம்பித்துவைத்தது என்று தேடத் தொடங்கினேன்.

பிரிட்டனில் கடன் சங்கச் சட்டம் வந்ததே 1979இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே லண்டனின் ஹார்ன்ஸியில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். ‘பார்ட்னர்’ என்று சொல்லி மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுப்பது அவர்கள் வழக்கம், நம்மூர்ச் சீட்டேதான். அங்கே நகரசபையைக் காணோம். கனடாவில் தெஜார்தான் என்பவர் 1900இல் தொடங்கிய சங்கத்தைப் பார்த்தால், அவரும் ஐரோப்பாவைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறார். அந்தத் தடம் ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே போனால், நான் தேடிய ஆளே நின்றார்.

பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். கண்நோயால் பட்டாளத்தை விட்டவர். 1845இல் வையர்புஷ் என்ற ஏழைச் சிற்றூர்க் கூட்டத்துக்கு மேயரானார். அடுத்த ஆண்டே பஞ்சம். அரசு அனுப்பிய மாவை ரொக்கத்துக்குத்தான் விற்கவேண்டும் என்பது உத்தரவு. ரொக்கம் இருந்தால் பஞ்சம் ஏன்? ரைஃபைசன் உத்தரவை மீறிக் கடனுக்குக் கொடுத்தார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, ரொட்டி சுடும் கூடமும் கட்டினார்.

பிளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாறியபோது அங்கே மாட்டுக் கந்துவட்டி. மாட்டைக் கடனுக்குக் கொடுத்து, தவணை தவறினால் நிலத்தையே எழுதி வாங்கிக்கொள்ளும் தொழில். 1849இல் ஊர்ச் செல்வந்தர்களைச் சேர்த்து ஜாமீன் நிற்கவைத்து, விவசாயிகளுக்கு மாடு வாங்கிக் கொடுத்து, பல ஆண்டுத் தவணையில் வசூலித்தார்.

இதுவரை கதை தருமம்தான். தேடலில் என்னை நிறுத்தியது இதற்குப் பின் நடந்தது. அடுத்து மேயராகப் போன ஹெடஸ்டார்ஃபில் 1854இல் அமைத்த தரும சங்கம் நீடிக்கவில்லை, கொடுத்தவர்கள் சலித்துப்போனார்கள். ஊர்ப் பெரியவர்களின் இரக்கம் வற்றிவிடும் என்று கண்டுகொண்ட மேயர், 1864இல் விதியையே மாற்றினார். கடன் வேண்டுபவர் முதலில் உறுப்பினராக வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் எல்லாருடைய சொத்தும் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரன் கடனை எதற்குச் செலவழிக்கிறான் என்று ஊரே கவனித்தது. சங்கம் நின்றது.

இந்தத் தடம் சென்னைக்கே வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சென்னை மாகாண அரசு, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய நில வங்கிகளை ஆராயப் பணித்தது. 1895, 1897இல் வந்த அவருடைய அறிக்கை, ரைஃபைசன் வழியே நமக்கு ஏற்றது என்றது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம், காஞ்சிபுரத்தில் நகர சங்கம்.

சட்டத்தோடு இங்கே அரசு நியமித்த பதிவாளரும் வந்தார். ஜெர்மனியில் ஊர்த்தலைவர் தொடங்கி ஊரார் கையில் ஒப்படைத்தது, நம்மிடம் அரசிடமிருந்து இறங்கி வந்தது. நம் சொசைட்டிகளின் பாதி நோய்க்கு அதுதான் காரணம் என்பேன். தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கின்றன. உறுப்பினர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் தள்ளுபடி அறிவிப்புக்குத்தான் காது கொடுத்தோம்.

நகரசபையோ ஊராட்சியோ இடம் கொடுக்கலாம், சம்பளப் பிடித்தத்துக்கு ஏற்பாடு செய்யலாம், முதல் சில ஆண்டு கைகொடுக்கலாம். கடன் யாருக்கு என்று முடிவுசெய்வது மட்டும் உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும். உங்கள் ஊர்ச் சொசைட்டியில் நீங்களும் உறுப்பினராக இருந்தால், அடுத்த பேரவைக் கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அன்றைக்குப் போய் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.