ஐந்தடி ஏழு அங்குலம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். கதாநாயகன் கடற்படை விமானி. ஆறடி உயரம். சீட்டி அடித்துக்கொண்டே விமானத்தில் தாவி ஏறுவான். கிளம்புமுன் கருவிகளைச் சரிபார்ப்பது கோழைகளின் காரியம் என்பான். வாசகர்களுக்கு அவனை மிகவும் பிடித்துப் போயிற்று. எனக்கும்தான். ஒரு விமானியைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை என்பது அப்போது குறையாகவே தோன்றவில்லை.

கல்லூரிப் பையன் ஒருவன் கடிதம் போட்டிருந்தான். "உங்கள் கதையைப் படித்ததும் விமானி ஆவதென்று தீர்மானித்துவிட்டேன். அவரைப் போலவே இருப்பேன்" என்று. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நாலு பேரிடம் காட்டவும் செய்தேன்.

கதை முடிந்த பிறகுதான் எரிக் பிரௌன் எழுதிய சுயசரிதை கைக்கு வந்தது. (எழுதுமுன் படிக்க வேண்டியதை எழுதிய பின் படிப்பது எங்கள் குலவழக்கம்.)

பிரௌன் ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் கடற்படையின் சோதனை விமானி. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். சகாக்கள் அவருக்கு வைத்த பெயர் 'விங்கிள்'. கடலோரப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் சின்ன நத்தைக்கு அங்கே அந்தப் பெயர். 1970-ல் ஓய்வு பெற்று, 2016-ல் தமது 97-வது வயதில் காலமானார். அவர் ஓட்டிப் பார்த்தவை 487 ரக விமானங்கள். ஒரே ரகத்தின் பல மாதிரிகளையும் ஒன்றென்றே வைத்துப் போட்ட கணக்கு அது! கப்பல் தளத்தில் இறங்கியது 2,407 தடவை.

கப்பலில் இறங்குவது என்றால் லேசல்ல. தளம் அலையோடு ஏறும், இறங்கும். விமானத்தின் வால்பக்கத்துக் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சின்களாவது விசையைக் கூட்டியதும் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆரம்பகால ஜெட் எஞ்சின் அப்படியல்ல. யோசித்து, தயங்கித்தான் பதில் சொல்லும். அந்த ஜெட்டைத்தான் 1945 டிசம்பர் 3-ம் தேதி, 'ஓஷன்' என்ற கப்பலில் பிரௌன் இறக்கினார். உலகில் அதற்கு முன் எவரும் செய்யாத காரியம்.

ஆனால் என்னை உட்கார வைத்தது அந்தச் சாதனையல்ல. வாலுக்குக் குறுக்கு இறக்கையே இல்லாத ஒரு ஜெட் விமானம் இருந்தது. 1946-ல், அதைத் தயாரித்தவரின் மகனே அதில் பறந்து, அது நடுவானில் சிதறி மாண்டுபோனார். கழுத்து முறிந்திருந்தது. பிற்பாடு அதே ரக விமானம் ஒன்றில் பிரௌன் அதிவேகத்தில் பறந்தார். திடீரென்று விமானம் வெறிபிடித்தாற்போல் மேலும் கீழும் உதறிற்று. முகவாய் மார்பில் இடிக்கிறது, தலை பின்னால் போய் மோதுகிறது, மறுபடி இடிக்கிறது. ஓட்டுகிற தண்டையும் எஞ்சின் விசையையும் ஒருசேர, மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். உதறல் நின்றது. அப்படிச் செய்ய வேண்டுமென்று முன்னதாகவே பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். தாம் குள்ளம் என்பதும் பிழைத்ததற்கு ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். மாண்டவர் அவரைவிட உயரமானவர்.

புஸ்தகத்தை மூடிவிட்டு என் ஆறடி ஆளை அந்த இருக்கையில் உட்கார்த்திப் பார்த்தேன். அரை நிமிஷம் தாங்க மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. 1936-ல், முதல் யுத்தத்தில் பேர் வாங்கிய எர்ன்ஸ்ட் உடெட் என்ற ஜெர்மன் விமானி இவரை வானில் கூட்டிப்போய்க் குட்டிக்கரணம் போட்டுக் காட்டி, 'விமானம் ஓட்டவும் ஜெர்மன் பேசவும் கற்றுக்கொள்' என்றாராம். பையன் இரண்டையும் கற்றான். உடெட் 1941-ல் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஜெர்மன் பாஷைக்காகத்தான் 1945 ஏப்ரலில் பிரௌனை பெல்ஸன் முகாமுக்கு அழைத்தார்கள், அதன் அதிகாரியை விசாரிக்க. குவிந்து கிடந்த பிணங்களுக்கு எந்த ஒத்திகை பார்த்துவிட்டுப் போவது?

இப்போது பதிப்பாளர் என் கதையைப் புஸ்தகமாகப் போடக் கேட்கிறார். முதல் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். சீட்டியை அடித்தாயிற்று. உயரத்தில் ஐந்து அங்குலம் குறைத்தாயிற்று. கிளம்புமுன் அவன் ஒவ்வொரு கருவியாகச் சரிபார்க்கும் காட்சி ஒன்று சேர்க்க வேண்டும். அதற்கு அந்த விமானத்தில் என்னென்ன கருவிகள் உண்டென்று முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பையனின் கடிதத்தையும் தேடிக்கொண்டிருக்கிறேன், விலாசத்துக்காக.