வரிசையில் நின்ற குரல்



மூன்று நாட்களாக எங்கள் வீட்டுக் கணினித் திரையில் ஒரே சொல்தான் நின்றது: ‘வரிசையில்’. அந்த வரிசையில் நின்றது மர்ஹூம் எங்கள் வாப்பாவின் குரல்.

வாப்பா ஆலிம் அல்லர். ஜவுளிக் கடை வைத்திருந்தவர். ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்து வந்ததும் திண்ணையில் அமர்ந்து நபிமார்களின் வரலாறு சொல்வார். காக்கா அவற்றை ஒலிநாடாக்களில் பதிந்துவைத்தார். கொழும்புக்குத் தொழில் நிமித்தம் போனபோது அவற்றையும் உடன் கொண்டுபோனார். ஒரு மணி நேர நாடாக்கள் 30. அவற்றைச் சென்ற ஆண்டு கணினியில் ஏற்றினார். ஒலியைச் சுருக்க மனம் வராமல் வேவ் வடிவிலேயே வைத்ததால் மொத்தம் 19 ஜிபி ஆயிற்று. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். மேலும், அவர் பகுதியில் மின்சாரம் போய்ப் போய் வரும். டொரண்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாக வருகிறது; ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்படுகிறது; இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே அதையே தேர்ந்தார். நானும் என் கணினியில் கியூபிட்டொரண்ட் மென்பொருளைத் திறந்து, அவர் அனுப்பிய சிறு கோப்பைச் சேர்த்தேன்.

உம்மாவுக்கு 82 வயது. காது நாளுக்கு நாள் மங்கிவருகிறது. “வந்துட்டா வாப்பா?” என்று ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் கேட்பார்.

இணைய வேகம் போதவில்லை என்று எண்ணி, கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறினேன். வீண் செலவு. காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இம்மென்பொருள், நாம் மாற்றாதவரை, ஒரே நேரத்தில் மூன்று பதிவிறக்கங்களை மட்டுமே இயக்கும். நான்காவது காத்திருக்க வேண்டும். அந்த மூன்று இடங்களையும் என் மகன் சேர்த்த மூன்று திரைப்படங்கள் பிடித்திருந்தன. அவற்றுள் இரண்டு, முழுப் பிரதி வைத்திருப்பவர் எவரும் இல்லாமல் வாரக்கணக்கில் அசையாது கிடந்தவை. அசையாவிட்டாலும் இடத்தை விடவில்லை. மெதுவான பதிவிறக்கங்களைக் கணக்கில் சேர்க்காதே என்றொரு தெரிவு அமைப்புகளில் உண்டு. அதைக் குறியிட்டிருந்தால் முதல் நாளே வழி கிடைத்திருக்கும்.

ஆனால் நான் திரைப்படங்களைப் பார்த்துவிட்டேனே. மகனை அழைத்தேன். அடுத்தவர் உழைப்பின் ஹக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவன் குரலை உயர்த்தவில்லை. “நீங்களும் அந்தத் தமிழ் எழுத்துரு மென்பொருளைக் காசு குடுக்காமத்தானே வெச்சிருந்தீங்க வாப்பா? அலமாரியில வட்டு இருக்கே” என்றான். இருக்கிறது, என் கையெழுத்திலேயே பெயர் எழுதியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் நண்பரிடம் இரவல் வாங்கிப் படியெடுத்தது. நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அசையாத இரண்டை அவனே நீக்கினான். மூன்றாவதை மறுநாள் நீக்கியிருந்தான், நான் கேட்கவில்லை. அந்த வட்டை என்ன செய்வதென்று நான்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாப்பாவின் கோப்பு வரிசையின் முதலிடத்துக்கு வந்தது. ஆனாலும் வேகம் பூஜ்யமாகவே இருந்தது. இங்கே எங்கள் இணையச் சேவையாளர் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அங்கே காக்காவின் ரவுட்டரோ வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விடவில்லை. இரு வீட்டுக் கதவுகளும் உட்புறம் தாழிட்டிருந்தால் யார் யாரிடம் போவது? இருவரில் ஒருவர் திறந்தால் போதும். மகன் தொலைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, காக்கா தம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தார். சில நொடிகளில் எண்கள் ஓடத் தொடங்கின.

எனது புதிய திட்டத்தால் பயனேதும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. தருபவர் ஒருவரே, அவருடைய பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் ஆகையால் 250 கிலோபைட். 19 ஜிபி வந்து சேர ஏறத்தாழ 21 மணி நேரம். அதிலும், காக்காவின் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. பதிவேற்றப் பாதை முழுதும் நிரம்பினால், அழைப்புக்குரிய ஒலியும் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும் சிறு செய்திகளும் நெரிசலில் சிக்கும். அவருடைய மற்ற இணையப் பயன்பாடுகளும் தளரும். எனவே பதிவேற்ற வரம்பை 200 கிலோபைட்டாகக் குறைக்கச் சொன்னோம். 21 மணி நேரம் 26 ஆயிற்று. மதனியும் பிள்ளைகளும் நிம்மதியாக இணையத்தைப் பயன்படுத்தினார்கள்.

26 மணி நேரம் உம்மாவைக் காக்கவைக்க மனமில்லை. கோப்புப் பட்டியலில் ஏழாவது நாடாவுக்கு மட்டும் முன்னுரிமையை உயர்த்தினேன். யூசுஃப் நபியின் வரலாறு அதில்தான். ஒரு நாடா 635 எம்பி. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. இஷாவுக்குப் பின் மகன் தன் காதணியை உம்மாவின் காதில் பொருத்தி, ஒலியை மெல்ல மெல்லக் கூட்டினான். நெடுநேரம் உம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கேட்கவில்லையோ என்று அஞ்சினேன். பிறகு, “இருமுறாங்க. அன்னைக்குக் காய்ச்சல். போவாதீங்கன்னு சொன்னேன், கேக்கலை” என்றார்.

மறுநாள் இரவு முழுவதும் வந்து சேர்ந்தது. முடிந்ததும் நீக்கிவிடுவது என் பழைய வழக்கம். இம்முறை நீக்கவில்லை. சென்னையில் லாத்தாவும் அதையே இறக்கிக்கொண்டிருக்கிறார். இப்போது காக்காவிடமிருந்து மட்டுமன்றி என்னிடமிருந்தும் துண்டுகள் போகின்றன. அவருக்கு இன்னும் 39 சதவீதம் பாக்கி. கணினியை அணைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.