ஓட்டுநர் இருக்கை வேண்டாம்

"வாடகைக்கு ஒரு கார் எடுத்துடுங்க சித்தப்பா. நினைச்ச நேரத்துல கிளம்பலாம், நினைச்ச இடத்துல நிறுத்தலாம்" என்றான் அண்ணன் மகன். சுவிட்சர்லாந்துக்குப் போகிறோம் என்றதும் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனாலும் நானும் மனைவியும் ரயிலில்தான் சுற்றினோம்.

முதல் காரணம் சுயநலம். கார் எடுத்தால் ஓட்டப்போகிறவன் நான். இடப்பக்கம் ஓட்டியே பழகிய கைக்கு அங்கே எல்லாம் வலப்பக்கம். வளைவுக்கு வளைவு மனைவி "அங்க பாருங்க" என்பாள். நான் பார்க்கக் கூடாது. இவ்வளவு செலவழித்து ஆல்ப்ஸ் மலைக்குப் போய், முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வருவதா?

'நினைச்ச நேரத்துல' என்பதற்கு அந்த நாட்டு ரயில்வே 1982-லேயே பதில் சொல்லிவிட்டது. மணிக்கொரு ரயில் என்ற கால அட்டவணை நாடு முழுவதும் வந்தது அந்த ஆண்டில்தான். ஒன்றை விட்டால் அடுத்த மணியில் அதே நிமிடத்தில் இன்னொன்று. காலைக் காப்பியை நிதானமாகக் குடிக்கலாம். 1987-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, இதை இன்னும் விரிவாக்கினார்கள். பெர்னுக்கும் சூரிச்சுக்கும் இடையே புதுப் பாதை போட்டு, 2004-ல் பயண நேரத்தை ஒரு மணிக்குள் கொண்டுவந்தார்கள். வேகத்தில் பேர் வாங்க அல்ல. பெரிய சந்திப்புகளில் நாலா திசை ரயில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஆட்கள் மாறி ஏறியதும் கிளம்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. சின்ன ஊரில் இறங்கினால்கூட, ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் நிறத் தபால் பஸ் ரயிலோடு நேரம் பொருத்தி நிற்கிறது.

தெற்கே லுகானோவுக்குப் போக, 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் இருக்கிறது. சூரிச்சிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது? நாங்கள் 1882-ல் போட்ட பழைய மலைப்பாதையில் போனோம். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆனது. வாசென் என்ற ஊரில் ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால், அதே வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை தெரிகிறது: முதலில் தலைக்கு மேலே, பிறகு கண்ணுக்கு நேரே, கடைசியில் காலுக்குக் கீழே. இந்த முறை "அங்க பாருங்க" என்றது நான்.

அதே பள்ளத்தாக்கில்தான் நெடுஞ்சாலையும் போகிறது. ஈஸ்டர் போன்ற விடுமுறைகளில் சாலைச் சுரங்கத்துக்கு முன்னால் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்பது வாடிக்கை. நினைத்த இடத்தில் மட்டுமல்ல, நினைக்காத இடத்திலும் நிறுத்த வேண்டியதுதான்.

ரயிலிலும் சிரமம் உண்டு. டிக்கெட் விலை திகைக்க வைக்கும். பாதிக் கட்டண அட்டையோ பயணிகளுக்கான பாஸோ எடுத்தால்தான் கட்டுப்படியாகும். பெட்டியை நாமே தூக்கி ஏற்ற வேண்டும். அதனால் ஊருக்கே துணி எடுத்துப் போகும் பழக்கம் எங்களை விட்டுப் போனது. கைக்குழந்தையோடு போகிறவர்களிடம் இந்த வாதத்தை நான் வைக்கமாட்டேன்.

மற்றபடி, ரயில் நன்றாக ஓடும் நாட்டில் எனக்கு ஸ்டியரிங் வேண்டாம். அண்ணன் மகன் அடுத்து ஐஸ்லாந்துக்குக் கூப்பிடுகிறான். அங்கே பயணிகள் ரயிலே கிடையாது. கார்தான், ஓட்டுவது அவன்.